போக முடியாத மாநாடு... கட்டிய பணம் யாருக்கு?

எல்லை மூடினால், விசா கிடைக்காவிட்டால், ‘கட்டணம் திருப்பித் தரப்படாது’ என்ற ஒரு வரியோடு கதை முடிந்துவிடுமா? பணம் கட்டும் முன்பும், கட்டிய பின்பும் தெரிந்துகொள்ள வேண்டியவை.

மாநாட்டுப் பதிவுப் பாரத்தில் நாம் எதையெல்லாம் கவனமாகப் பார்க்கிறோம்? தேதி, இடம், யார் பேசுகிறார்கள், சாப்பாடு சைவமா அசைவமா, கடைசியில் கட்டணம் எவ்வளவு. அதற்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: ‘செலுத்திய கட்டணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது.’ அதைப் படிக்காமலே பக்கத்துக் கட்டத்தில் ‘சம்மதம்’ என்று தட்டிவிட்டு, வங்கிச் செயலியைத் திறந்து பணத்தை அனுப்பிவிடுவோம்.

எல்லாம் நல்லபடியாக நடந்தால் அந்த வரியால் யாருக்கும் தொல்லையில்லை. நடக்காதபோதுதான் அதன் பலம் தெரியும். 2020 மார்ச்சில் நம் எல்லாருக்கும் தெரிந்தது.

அந்த மாதத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மார்ச் 13 முதல் இந்தியா பெரும்பாலான விசாக்களை நிறுத்தி வைத்தது. மார்ச் 17-ஆம் தேதி மலேசியா, பிலிப்பைன்ஸ், ஆப்கானிஸ்தான் ஆகிய நாடுகளிலிருந்து பயணிகள் வரவே உடனடித் தடை விதித்தது. மறுநாள் மார்ச் 18-ஆம் தேதி நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. சென்னைக்குப் போகவேண்டியவர் கிள்ளானை விட்டே நகர முடியவில்லை. பிறகு 10 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்றார்கள், மாநிலம் கடக்கக் கூடாது என்றார்கள். முழுமையாகத் தடுப்பூசி போட்டவர்கள் மாநிலம் கடக்க 2021 அக்டோபர் 11 வரை காத்திருந்தோம். நாட்டின் எல்லை முழுமையாகத் திறந்தது 2022 ஏப்ரல் 1-ஆம் தேதிதான்.

அந்த இரண்டு ஆண்டுகளில் நின்றுபோன கல்யாணங்களைப் பற்றி நிறையப் பேசினோம். நின்றுபோன மாநாடுகளைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை. ஆனால் கிள்ளான் பள்ளத்தாக்கில் மாநாட்டுக்குப் போகாத வீடு குறைவு. ஆசிரியர்களுக்குக் கல்வி மாநாடு, ஆய்வு மாணவர்களுக்குக் கட்டுரை படைக்கும் மாநாடு, கணினித் துறையினருக்குத் தொழில்நுட்ப மாநாடு, மருத்துவர்களுக்கு ஆண்டு மாநாடு, வணிகர்களுக்கு வர்த்தக மாநாடு என்று வரிசை நீளும்.

இந்த ஊருக்கும் மாநாட்டுக்கும் உள்ள உறவு நேற்று முளைத்ததும் அல்ல. 1966 ஏப்ரலில் தனிநாயகம் அடிகளின் முயற்சியால் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு நடந்தது கோலாலம்பூரில்தான். 1987-லும் 2015-லும் அந்த மாநாடு மறுபடியும் இங்கே வந்தது. 2001-இல் தமிழ் இணைய மாநாட்டுக்கும் நம் தலைநகர்தான் இடம் கொடுத்தது. ஆக, நாம் பேராளராகக் கட்டணம் கட்டுகிறவர்கள் மட்டுமல்ல, மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கட்டணம் வாங்குகிறவர்களும்கூட. அதனால் இந்த விஷயத்தை இரண்டு பக்கமும் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

மூன்று கதவுகள்

‘போக முடியவில்லை, பணம் கிடைக்குமா?’ என்று கேட்டால் ஒரே பதில் சொல்ல முடியாது. முதலில் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். நடந்திருக்கக் கூடியவை மூன்று.

ஒன்று, மாநாடே நடக்கவில்லை. அரசாங்கம் தடுத்துவிட்டது, அல்லது ஏற்பாட்டாளர் ரத்து செய்துவிட்டார்.

இரண்டு, மாநாடு நடக்கிறது, ஆனால் வேறு மாதிரி. தேதி தள்ளிப்போயிருக்கிறது, அல்லது மண்டபத்தில் நடக்க வேண்டியது இயங்கலைக்கு மாறிவிட்டது.

மூன்று, மாநாடு சொன்ன தேதியில் சொன்ன இடத்தில் நடக்கிறது. உங்களால்தான் போக முடியவில்லை. உங்கள் ஊர் முடக்கத்தில் இருக்கிறது, விசா மறுக்கப்பட்டுவிட்டது, விமானம் பறக்கவில்லை.

வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலத் தெரியும். மூன்றிலும் நீங்கள் வீட்டில்தான் இருக்கிறீர்கள், பணம் அங்கேதான் இருக்கிறது. ஆனால் சட்டத்தின் பார்வையில் இவை மூன்று வேறு கதவுகள். முதல் கதவு ஓரளவு எளிதாகத் திறக்கும். இரண்டாவது பேசிப் பார்த்தால் திறக்கும். மூன்றாவது பெரும்பாலும் பூட்டியே இருக்கும், பதிவு நிபந்தனையில் சாவி இருந்தாலொழிய.

அரசருக்கு வயிற்றுவலி

முதல் கதவைத் திறந்தது ஒரு வயிற்றுவலி. 1902 ஜூன் 26-ஆம் தேதி லண்டனில் மன்னர் ஏழாம் எட்வர்டுக்கு முடிசூட்டு விழா நடக்கவிருந்தது. ஊர்வலம் போகும் தெருக்களில் ஜன்னல் வைத்த அறைகளுக்கு வாடகை எகிறியது. ஹென்றி என்பவர் பால் மால் தெருவில் கிரெல் என்பவரின் அறைகளை இரண்டு பகல்களுக்கு 75 பவுனுக்குப் பேசி, 25 பவுன் முன்பணம் கொடுத்தார். விழாவுக்கு இரண்டு நாள் முன்பு மன்னருக்குக் குடல்வால் அழற்சி, அவசர அறுவைச் சிகிச்சை. விழா தள்ளிப்போனது.

‘அறை தயார், மீதி 50 பவுனைக் கொடு’ என்று வழக்குப் போட்டார் கிரெல். 1903-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் முடியாது என்றது. அறை இருக்கிறதுதான், ஆனால் இரண்டு பேரும் ஒப்பந்தம் செய்ததே ஊர்வலத்தைப் பார்ப்பதற்காக. அந்த ஊர்வலமே இல்லாதபோது ஒப்பந்தத்தின் உயிர் போய்விட்டது என்பது தீர்ப்பின் சாரம்.

இதில் ஒரு கசப்பும் உண்டு. அதே முடிசூட்டு விழாவுக்கு அறை பிடித்த இன்னொருவர், ஏற்கெனவே கட்டிய 100 பவுனைத் திருப்பிக் கேட்டு 1904-இல் தோற்றார். விழா ரத்தாவதற்கு முன்பே அவர் முழுப் பணத்தையும் கட்டியிருக்க வேண்டும் என்பதால், பாக்கியையும் கொடுக்கச் சொன்னது நீதிமன்றம். கட்டியது கட்டியதுதான், நிலுவை நிலுவைதான் என்ற அந்த நிலை மாற 1942 வரை ஆனது. 1943-இல் இங்கிலாந்து இதற்கென்றே ஒரு சட்டம் போட்டது.

அந்தச் சட்டத்தின் சாயல்தான் நம் நாட்டு சிவில் சட்டம் 1956-இன் 15-ஆம் பிரிவில் இருக்கிறது. ஒப்பந்தம் நிறைவேற முடியாமல் போனால், அதற்கு முன் கட்டிய பணத்தைத் திரும்பப் பெறலாம், கட்டவேண்டிய பாக்கியைக் கட்டத் தேவையில்லை. ஆனால் பணம் வாங்கியவர் அந்த வேலைக்காக ஏற்கெனவே செலவு செய்திருந்தால், நியாயம் என்று பட்டால், அதில் ஒரு பகுதியை வைத்துக்கொள்ள நீதிமன்றம் அனுமதிக்கலாம். இரண்டு பக்கத்தையும் பார்க்கும் ஏற்பாடு இது.

அதற்கு முன்பே நம்மிடம் ஒப்பந்தச் சட்டம் 1950 இருக்கிறது. இதன் வேர் 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில். செய்து முடிக்க முடியாததாகிவிட்ட ஒப்பந்தம் செல்லாது என்கிறது 57-ஆம் பிரிவு. செல்லாமல் போன ஒப்பந்தத்தால் பலன் பெற்றவர் அதைத் திருப்பித் தரவேண்டும் என்கிறது 66-ஆம் பிரிவு. அந்தப் பிரிவு காட்டும் உதாரணம் ஒன்று நமக்கு மிகவும் நெருக்கமானது. ஒரு பாடகருக்கு 1,000 வெள்ளி முன்கூட்டியே கொடுத்துக் கச்சேரிக்கு ஏற்பாடு செய்கிறார் ஒருவர். பாடகருக்கு உடம்பு முடியவில்லை. கச்சேரி நடந்திருந்தால் வந்திருக்கக்கூடிய லாபத்தைப் பாடகர் ஈடு செய்யத் தேவையில்லை, ஆனால் வாங்கிய 1,000 வெள்ளியைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.

ஆக, மாநாடே நடக்கவில்லை என்றால் சட்டம் பெரும்பாலும் உங்கள் பக்கம் சாய்கிறது. ‘அடுத்த ஆண்டு மாநாட்டுக்கு வரவு வைத்துக்கொள்கிறோம்’ என்று ஏற்பாட்டாளர் சொன்னால், நிபந்தனையில் அப்படி எழுதியிருந்தாலொழிய, அது உங்கள் முன் வைக்கப்படும் ஒரு யோசனை மட்டுமே. விருப்பமிருந்தால் ஏற்கலாம், இல்லையென்றால் பணமாகவே கேட்கலாம்.

ஒரு எச்சரிக்கை. ‘இப்படி நேர்ந்தால் இப்படிச் செய்வோம்’ என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தால், நீதிமன்றம் முதலில் பார்ப்பது அந்த வாசகத்தைத்தான். பொடி எழுத்து இங்கே திரும்பி வருகிறது.

நடக்கிற மாநாடு, போகாத பேராளர்

இப்போது மூன்றாவது கதவு. ஓர் உதாரணத்துக்கு, கிள்ளானில் ஓர் ஆசிரியை என்று வைத்துக்கொள்வோம். சென்னையில் நடக்கும் கல்வி மாநாட்டில் கட்டுரை படைக்க 600 வெள்ளி கட்டியிருக்கிறார். சென்னையில் எல்லாம் சரியாக இருக்கிறது. மண்டபம் நிறைகிறது, பேச்சாளர்கள் வருகிறார்கள், மதிய உணவு நடக்கிறது. இங்கே சிலாங்கூரில் திடீர் முடக்கம், ஆசிரியையால் விமான நிலையத்துக்கே போக முடியவில்லை.

ஏற்பாட்டாளர் தான் சொன்னதைச் செய்துவிட்டார். அவர் பக்கத்தில் எதுவும் ‘முடியாததாக’ ஆகவில்லை. வரமுடியாமல் போனது ஆசிரியையின் கையில் இல்லாத காரணத்தால்தான் என்றாலும், மாநாடு என்ற ஒப்பந்தம் உயிரோடுதான் இருக்கிறது. எனவே மேலே சொன்ன பிரிவுகளைக் காட்டி அவர் பணம் கேட்பது கடினம். இங்கே பேசுவது பதிவு நிபந்தனைதான். நிபந்தனையில் இடமில்லை என்றால், ஏற்பாட்டாளரின் நல்ல மனசு.

விசா விஷயமும் இதே கதைதான். 2017 ஜனவரியில் அமெரிக்கா ஏழு நாட்டவர்க்குத் தடை விதித்தது. 2025 ஜூனில் பன்னிரண்டு நாடுகளுக்கு மறுபடி தடை வந்தது. ஈரான், யேமன், சூடான் மூன்றும் இரண்டு பட்டியலிலும் உண்டு. நம் பல்கலைக்கழகங்களில் அந்த நாடுகளின் மாணவர்கள் படிக்கிறார்கள். ஒரே ஆய்வுக் கூடத்தில் ஒரே கட்டுரையைச் சேர்ந்து எழுதிய மூவரில், நம் பிள்ளை அமெரிக்க மாநாட்டுக்குப் போக விண்ணப்பிக்கலாம், பக்கத்து நாற்காலியில் இருக்கும் ஈரானிய மாணவர் போக முடியாது. இருவரும் கட்டியது ஒரே கட்டணம்.

இதைப் பார்த்துத்தான் பல அனைத்துலக மாநாடுகள் தங்கள் நிபந்தனையில் ஒரு தனி வரி சேர்க்கின்றன: விசா மறுக்கப்பட்டால், மறுப்புக் கடிதத்தைக் குறிப்பிட்ட தேதிக்குள் அனுப்பினால், நிர்வாகச் செலவு போக மீதி திரும்பக் கிடைக்கும். அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ‘மறுப்புக் கடிதம்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். விசா மறுக்கப்படுவது வேறு, விசா பதில் வராமலே இழுப்பது வேறு. இரண்டாவதற்குக் கடிதம் எதுவும் இருக்காது. எனவே விசாவுக்கு என்றைக்கு விண்ணப்பித்தீர்கள் என்ற ரசீதைப் பத்திரமாக வையுங்கள். கடைசி வாரத்தில் விண்ணப்பித்துவிட்டு ‘வரவில்லை’ என்றால் எந்த ஏற்பாட்டாளரும் காது கொடுக்கமாட்டார்.

அந்தப் பக்கத்து நியாயம்

‘நடக்காத மாநாட்டுக்குப் பணத்தை வைத்துக்கொண்டு என்ன செய்கிறார்கள்?’ என்று கோபப்படுவது இயல்பு. பணம் உண்மையில் எங்கே போகிறது என்றும் பார்த்துவிடுவோம்.

ஒரு தமிழ் அமைப்பு தங்கும் விடுதி ஒன்றின் மண்டபத்தில் 300 பேருக்கு மாநாடு வைக்கிறது என்று கொள்வோம். விடுதி மண்டபத்துக்கு முன்பணம் கேட்கும். அதோடு ‘குறைந்தது இத்தனை பேர் சாப்பாட்டுக்கு உத்தரவாதம் கொடு’ என்று கேட்கும். ஆளுக்கு 80 வெள்ளி என்று 250 பேருக்கு உத்தரவாதம் கொடுத்தால் 20,000 வெள்ளி. கடைசியில் வந்தது 120 பேர் என்றாலும் 20,000 வெள்ளிதான். சாப்பிட்டது 9,600 வெள்ளிக்கு, மீதி 10,400 வெள்ளி காற்றோடு போனது. இதற்குமேல் பை, அடையாள அட்டை, மாநாட்டு மலர் அச்சு, வெளிநாட்டுப் பேச்சாளருக்கு வாங்கிய விமானச் சீட்டு. மாநாட்டுக்கு ஒரு மாதம் முன்பே பாதிப் பணம் கைவிட்டுப் போயிருக்கும்.

பெரிய அமைப்புகளுக்கே இது ஆட்டம் காட்டியிருக்கிறது. அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் ஆண்டுதோறும் நடக்கும் எஸ்.எக்ஸ்.எஸ்.டபிள்யூ. என்ற புகழ்பெற்ற இசை, சினிமா, தொழில்நுட்ப மாநாட்டை 2020 மார்ச் 6-ஆம் தேதி, தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது, நகர நிர்வாகம் நிறுத்தியது. ஏற்பாட்டாளர்களிடம் காப்புறுதி இருந்தது, ஆனால் தொற்றுநோய்க்கு அதில் இடமில்லை. நிபந்தனையில் ‘பணம் திருப்பித் தரப்படாது’ என்று இருந்ததைக் காட்டி, அடுத்துவரும் ஆண்டுகளில் வந்துகொள்ளுங்கள் என்றார்கள். சீட்டு வாங்கியவர்கள் கூட்டு வழக்குப் போட்டார்கள். அது சமரசத்தில் முடிந்தது.

இதே ஆண்டு லண்டனில் விம்பிள்டன் டென்னிஸ் போட்டி ஏப்ரல் 1-ஆம் தேதி ரத்தானது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அதுவே முதல் முறை. ஆனால் விம்பிள்டன் கழகம் பல ஆண்டுகளாகவே தொற்றுநோய்க்கும் சேர்த்துக் காப்புறுதி கட்டி வந்திருந்தது. சீட்டு வாங்கியவர்களுக்குப் பணம் திரும்பியது. ஒரே நோய், ஒரே ஆண்டு, ஒருவர் வழக்கில் சிக்கினார், ஒருவர் நல்ல பெயர் எடுத்தார். இரண்டுக்கும் நடுவில் இருந்தது முன்கூட்டி எழுதிய ஒரு காகிதம்.

சட்டம் வந்தது, கொஞ்சம் தாமதமாக

கொரோனா காலத்தில் நாடாளுமன்றம் சும்மா இருக்கவில்லை. சிங்கப்பூர் 2020 ஏப்ரல் 7-ஆம் தேதியே தற்காலிகச் சட்டத்தை நிறைவேற்றியது. நிகழ்ச்சி ஒப்பந்தங்களும் சுற்றுலா ஒப்பந்தங்களும் அதில் அடங்கின. கொடுத்த முன்பணத்தை அப்படியே விழுங்கிவிட முடியாதபடி அது தடுத்தது.

நம் நாட்டில் கோவிட்-19 தாக்கத்தைக் குறைக்கும் தற்காலிக நடவடிக்கைகள் சட்டம், அதாவது சட்டம் 829, 2020 அக்டோபர் 23-ஆம் தேதி நடப்புக்கு வந்தது. மாநாடு, கண்காட்சி, கச்சேரி, கல்யாணம், விருந்து என எல்லா நிகழ்ச்சி ஒப்பந்தங்களும் அதன் அட்டவணையில் இருந்தன. நோய்த்தடுப்பு நடவடிக்கையால் ஒருவர் ஒப்பந்தத்தை நிறைவேற்ற முடியாமல் போனால், மற்றவர் அவர்மேல் உடனே பாய முடியாது, தகராறைச் சமரசப் பேச்சில் தீர்க்கலாம் என்றது. ஆனால் மார்ச்சுக்கும் அக்டோபருக்கும் நடுவில் ஏழு மாதம் ஓடிவிட்டது. அதற்குள் சட்டப்படி முறிக்கப்பட்ட ஒப்பந்தங்களும் பறிமுதலான முன்பணங்களும் அப்படியே செல்லும் என்றும் அதே சட்டம் சொன்னது. முந்திக்கொண்டு பறித்தவர்களுக்கு அது வசதியாகிப் போனது. தவிர, அது தற்காலிகச் சட்டம். இன்றைக்கு ஒரு மாநாடு நின்றால் அதைக் காட்டிப் பேச முடியாது. பழைய சட்டங்களும் உங்கள் பதிவு நிபந்தனையும்தான் துணை.

திரை வழி மாநாடு

இரண்டாவது கதவை விட்டுவிட்டோமே. 2020 நவம்பரில் மலேசியா ஏற்று நடத்திய ஏபெக் தலைவர்கள் மாநாடே கணினித் திரை வழியாகத்தான் நடந்தது. நாட்டுத் தலைவர்களே அப்படிக் கூடியபோது நம் மாநாடுகளும் இயங்கலைக்கு மாறியதில் வியப்பில்லை. கேள்வி, முழுக் கட்டணம் நியாயமா என்பது.

கட்டுரை படைத்து, சான்றிதழ் வாங்கி, மலரில் பெயர் வரவேண்டும் என்று வந்தவருக்குத் திரை வழியாகவும் அது கிடைத்துவிடுகிறது. நாலு பேரைச் சந்தித்து, வேலைக்கு வழி பார்க்க, வியாபாரத் தொடர்பு பிடிக்க வந்தவருக்குப் பாதிதான் கிடைக்கிறது. இருவருக்குமே மண்டபம், மதிய உணவு, தேநீர் எதுவும் இல்லை. அந்தச் செலவு மிச்சமானால் அதற்குரிய பங்கைத் திருப்பித் தருவதுதான் முறை. நீங்கள் கேட்கும்போதும் ‘முழுப் பணத்தையும் கொடுங்கள்’ என்பதைவிட, ‘இயங்கலைக் கட்டணம் எவ்வளவு, வித்தியாசத்தைக் கொடுங்கள்’ என்று கேட்டால் காரியம் சீக்கிரம் நடக்கும்.

பணம் கட்டும் முன் ஐந்து நிமிடம்

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். பதிவு செய்யும் முன் இவற்றைப் பாருங்கள்.

• ரத்து செய்யக் கடைசித் தேதி எது? மாநாட்டுக்கு 60 நாள் முன் சொன்னால் எவ்வளவு, 30 நாள் முன் சொன்னால் எவ்வளவு என்று தெளிவாக இருக்கிறதா?

• மாநாட்டை ஏற்பாட்டாளர் ரத்து செய்தால் என்ன தருவார், பணமா, அடுத்த ஆண்டுக்கு வரவா?

• உங்களுக்குப் பதில் வேறொருவரை அனுப்பலாமா? பணம் கொடுக்காத மாநாடுகளில்கூடப் பெரும்பாலும் பெயர் மாற்ற இடம் இருக்கும். நண்பரை அனுப்பிவிட்டு அவரிடம் பணத்தை வாங்கிக்கொள்ளலாம்.

• கட்டுரை படைப்பவர் வரமுடியாவிட்டால் இயங்கலையில் படைக்கலாமா?

• விமானச் சீட்டையும் விடுதி அறையையும் மாநாட்டுக் கட்டணத்தோடு ஒரே நாளில் வாங்க வேண்டுமா? விசா தேவைப்படும் நாடு என்றால் முதலில் விசா, பிறகு சீட்டு.

அந்த நிபந்தனைப் பக்கத்தைக் கைப்பேசியில் படம் பிடித்து வையுங்கள். சிக்கல் வந்த பிறகு இணையப் பக்கத்தின் வாசகம் மாறிவிட்டால், நீங்கள் பணம் கட்டிய அன்று என்ன எழுதியிருந்தது என்பதற்கு அந்தப் படம்தான் சாட்சி.

பயணக் காப்புறுதி வாங்கினால் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். மாநாட்டுக் கட்டணமும் அதில் சேருமா? அரசாங்கம் எல்லையை மூடினால் இழப்பீடு உண்டா? பல திட்டங்களில் இரண்டாவதற்குப் பதில் ‘இல்லை’ என்றுதான் இருக்கும். செய்தி வெளிவந்த பிறகு ஓடிப்போய் வாங்கும் காப்புறுதியும் உதவாது.

எங்கே போய்க் கேட்பது?

முதலில் ஏற்பாட்டாளருக்கு எழுத்து மூலம் கேளுங்கள். தொலைபேசியில் பேசினாலும் பிறகு மின்னஞ்சல் ஒன்று அனுப்புங்கள். பதிவு எண், கட்டிய தொகை, வரமுடியாத காரணம், அதற்கான ஆதாரம், என்ன எதிர்பார்க்கிறீர்கள், எந்தத் தேதிக்குள் பதில் வேண்டும், இவ்வளவு போதும். கோபத்தைக் கலக்க வேண்டாம்.

கடன்பற்று அட்டையில் கட்டியிருந்து, மாநாடே நடக்கவில்லை என்றால், அட்டை கொடுத்த வங்கியிடம் சார்ஜ்பேக் கேட்கலாம். சேவை கிடைக்க வேண்டிய நாளிலிருந்து பொதுவாக 120 நாள்தான் அவகாசம், தள்ளிப்போடாதீர்கள். மாநாடு நடந்து நீங்கள் போகாமல் இருந்தால் இந்த வழி உதவாது.

உள்நாட்டு ஏற்பாட்டாளர் என்றால் பயனீட்டாளர் திரிபியுனல் இருக்கிறது. பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999-இன் கீழ் அமைந்த இந்த நடுவர் மன்றத்தில் மனுக் கட்டணம் 5 வெள்ளிதான். 50,000 வெள்ளி வரை கோரலாம். சிக்கல் எழுந்து மூன்று ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும். பொதுவாக வழக்கறிஞர் தேவையில்லை, நீங்களே பேசலாம். ஒருதலைப்பட்சமான ஒப்பந்த நிபந்தனை செல்லாது என்று அறிவிக்கும் அதிகாரமும் இதற்கு உண்டு. ‘எக்காரணம் கொண்டும்’ என்ற அந்த வரியைக் கேள்வி கேட்கக்கூடிய இடம் இதுதான். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: இது சொந்த உபயோகத்துக்குச் சேவை வாங்குகிறவர்களுக்கான மன்றம். உங்கள் நிறுவனம் தன் தொழிலுக்காகக் கட்டிய கட்டணம் என்றால் இங்கே கதவு திறக்காமல் போகலாம். வெளிநாட்டு ஏற்பாட்டாளரை இங்கே இழுத்து வருவதும் நடைமுறையில் சிரமம்.

விமானக் கட்டணம் தனிக் கதை. விமான நிறுவனம் பயணத்தை ரத்து செய்தால், நம் நாட்டு விமானப் பயணிகள் பாதுகாப்பு விதிமுறைப்படி 30 நாளுக்குள் பணம் திரும்ப வேண்டும். புகாரை முன்பு மாவ்கோம் என்ற விமானப் போக்குவரத்து ஆணையம் கவனித்தது. 2025 ஆகஸ்ட் 1 முதல் அந்தப் பொறுப்பு மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்துக்குப் போய்விட்டது. விதி இருந்தால் போதாது, நிறுவனத்திடம் பணமும் இருக்க வேண்டும் என்பதையும் கொரோனா காலம் காட்டியது. ஏர் ஏசியா எக்ஸ் 2020 அக்டோபரில் கடன் மறுசீரமைப்பை அறிவித்தபோது, பணத்துக்குக் காத்திருந்த பயணிகளும் கடன் கொடுத்தவர்கள் வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று.

கேட்க என்ன வெட்கம்?

இதையெல்லாம் தெரிந்த பிறகும் நம்மில் பலர் கேட்பதில்லை. அதுவும் ஏற்பாட்டாளர் நம் ஆள் என்றால் கேட்கவே மாட்டோம். ‘மொழிக்காகச் செய்கிறார்கள், 200 வெள்ளிக்குப் போய் நிற்பதா?’ ‘நாளைக்கு முகத்தைப் பார்க்க வேண்டாமா?’ பிரிக்பீல்ட்ஸில் சாப்பிடப் போனால் எதிர் மேசையில் ஏற்பாட்டுக் குழுத் தலைவர் உட்கார்ந்திருப்பார் என்ற அளவுக்குச் சின்ன உலகம் நம்முடையது.

அந்த மரியாதை நல்லதுதான். ஆனால் அதன் விலையைக் கட்டுகிறவர் யார் என்று பார்க்க வேண்டும். நிறுவனம் அனுப்பும் அதிகாரிக்குக் கட்டணம் போனால் கணக்கில் ஒரு வரி. சொந்தச் சம்பளத்தில் கட்டும் பாலர் பள்ளி ஆசிரியைக்கும், பகுதிநேர வேலை செய்து கட்டும் முதுகலை மாணவருக்கும் அது ஒரு மாத மளிகைக் கணக்கு. கேட்காமல் விட்டவர் அடுத்த மாநாட்டுக்கு வருவதில்லை. ஏன் வரவில்லை என்றும் சொல்வதில்லை. ஏற்பாட்டாளர்கள் ‘இளைஞர்களுக்கு ஆர்வம் குறைந்துவிட்டது’ என்று மேடையில் வருத்தப்படுகிறார்கள்.

எனவே அமைப்புகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த மாநாட்டு அறிவிப்பில் நாலு வரி சேருங்கள், நல்ல தமிழில், பெரிய எழுத்தில். நாங்கள் ரத்து செய்தால் எவ்வளவு திருப்பித் தருவோம், எத்தனை நாளில் தருவோம். அரசாங்கத் தடையாலோ விசா மறுப்பாலோ நீங்கள் வரமுடியாவிட்டால் எந்தத் தேதிவரை சொல்லலாம், எவ்வளவு பிடிப்போம். உங்களுக்குப் பதில் யாரை அனுப்பலாம். யாரிடம் கேட்க வேண்டும், அவர் தொலைபேசி எண் என்ன. முழுப் பணமும் தர முடியாது என்றால் அதையும் சொல்லுங்கள், மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் கட்டியது இவ்வளவு என்று கணக்கைக் காட்டுங்கள். கணக்கைக் காட்டுகிறவரிடம் யாரும் சண்டைக்கு வருவதில்லை.

பேராளர்களுக்கும் ஒன்று. இரண்டு வாரம் முன்பே வரமுடியாது என்று தெரிந்தால் அன்றே சொல்லிவிடுங்கள். உங்களுக்காக உத்தரவாதம் கொடுத்த ஒரு தட்டுச் சாப்பாட்டை அவர்கள் அப்போதே நிறுத்திக்கொள்ளலாம். அந்த மிச்சத்திலிருந்துதான் உங்கள் பணம் திரும்பி வரப் போகிறது.

இந்த ஆண்டு ஏதாவது மாநாட்டுக்குப் பதிவு செய்திருக்கிறீர்களா? இந்தப் பக்கத்தை மடித்து வைத்துவிட்டு, அந்த மின்னஞ்சலைத் திறந்து, பொடி எழுத்தை ஒரு முறை படித்துப் பாருங்கள். புரியாவிட்டால் இன்றைக்கே எழுதிக் கேளுங்கள். மாநாடு நடப்பதற்கு முன்பு கேட்டால் அது வெறும் விசாரிப்பு, யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.